ஓர் இன்ச்சுக்குப் பதினோரு மீட்டர்: ரைஃபிள் பேரல் நீளத்தை முடிவுசெய்வது எப்படி

போன மாதம் ஒரு பெண் தன் .308 (0.308 இன்ச் விட்டமுள்ள குண்டு சுடும்) ரைஃபிளைப் பட்டறைக்கு எடுத்து வந்தாள். மூன்று வருடமாக 300 மீட்டர் சுடுகிறவள்; இப்போது 800 மீட்டருக்குப் போக ஆசை. பேரல் 26 இன்ச். குழல்வாயின் உள்விளிம்பில் ஒரு சின்னக் கீறல். சுத்தம் செய்யும் கம்பியை முன்பக்கமாகவே விட்டு விட்டு எடுத்ததில் வந்தது. அந்த நுனியை வெட்டி, புதிதாகக் கிரவுன் (குழல்வாய் விளிம்பைச் சீராகக் கடைந்து முடிப்பது) போட்டாக வேண்டும்.

"எப்படியும் வெட்டத்தானே போறீங்க அண்ணா. 20 இன்ச்சுக்கே வெட்டிடுங்களேன், தூக்கிட்டு அலைய முடியல" என்றாள்.

"வெட்டினதை ஒட்ட முடியாதும்மா. உட்கார், கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வெட்டுவோம்" என்றேன்.

அன்று இரண்டு மணி நேரம் அவளோடு உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. பேரல் வாங்கப் போகிறவர்களுக்கும் வெட்டப் போகிறவர்களுக்கும் ஒரே கணக்குதான்.

முதலில் என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். சில வருடங்களுக்கு முன், ஆயுள் முடியும் தறுவாயில் இருந்த என் சொந்த .308 பேரல் ஒன்றைத் தூக்கிப் போடுவதற்குப் பதில் இரண்டு இரண்டு இன்ச்சாக வெட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் புதுக் கிரவுன், ஒரே லாட் (ஒரே தொகுப்பில் தயாரான) தோட்டா, 175 கிரெயின் (ஏறக்குறைய 11 கிராம்) சியரா மேட்ச்கிங் குண்டு, ஒவ்வொரு நீளத்திலும் பத்துச் சுடு. வந்த சராசரி இது: 26 இன்ச்சில் விநாடிக்கு 808 மீட்டர். 24-இல் 797. 22-இல் 784. 20-இல் 769.

ஆறு இன்ச் போனதில் 39 மீட்டர் வேகம் போயிற்று. இன்ச்சுக்கு ஆறரை. ஆனால் இழப்பு சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டு இன்ச்சுக்கு 11, அடுத்த இரண்டுக்கு 13, கடைசி இரண்டுக்கு 15. குட்டையாக ஆக ஆக ஒவ்வோர் இன்ச்சும் விலை உயர்ந்ததாகிறது. உங்கள் பேரலில் இதே எண்கள் வராது. இந்தப் போக்கு வரும்.

ஏன் இப்படி? தோட்டா வெடித்ததும் குண்டு இரண்டு மூன்று இன்ச் நகர்வதற்குள் அழுத்தம் உச்சிக்குப் போய்விடும். .308-க்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 62,000 பி.எஸ்.ஐ. (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு). அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். குண்டு முன்னால் போகப் போக, பின்னால் வாயுவுக்கு இடம் கூடிக்கொண்டே போகிறது, அழுத்தம் விழுகிறது. 24 இன்ச் தாண்டி வெளியே வரும்போது உச்ச அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தால் அதிகம். அந்த மிச்சமும் குண்டைத் தள்ளத்தான் செய்கிறது. ஆனால் உந்துதல் மெலிந்து போயிருக்கிறது. பேரலின் முதல் பத்து இன்ச்சில் நடப்பதுதான் பெரும் வேலை, மீதியெல்லாம் கூடுதல் சம்பாத்தியம்.

சம்பாத்தியம் எவ்வளவு என்பது தோட்டாவைப் பொறுத்தது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ".308-க்கு இவ்வளவுதான் இழப்பு" என்று கேட்டுவிட்டு, அதையே மேக்னத்துக்கும் (பெரிய கூடும் அதிக மருந்தும் உள்ள தோட்டா) சின்னஞ்சிறு .22-க்கும் பொருத்திவிடுகிறார்கள். மருந்து நிரப்பும் பித்தளைக் கூட்டின் கொள்ளளவையும் குழலின் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். .308 கூட்டுக்குள் ஏறக்குறைய மூன்றரை மில்லிலிட்டர் கொள்ளும். குழலின் ஒவ்வோர் இன்ச்சும் 1.2 மில்லிலிட்டர். 24 இன்ச் பேரலில் குண்டு வெளியேறும் நேரம், வாயு தன் ஆரம்ப இடத்தைப்போல் எட்டு மடங்கு விரிந்திருக்கும். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தில் கூடு பெரிது, துளை சிறிது: கூட்டில் ஐந்து மில்லிலிட்டருக்கு மேல், குழலில் இன்ச்சுக்கு ஒரு மில்லிலிட்டர். அதே 24 இன்ச்சில் ஐந்து மடங்குதான் விரிந்திருக்கும். அழுத்தம் இன்னும் நிறைய மிச்சம். அதனால்தான் மேக்னம் பேரலில் ஓர் இன்ச் வெட்டினால் ஒன்பது பத்து மீட்டர்கூடப் போகிறது, நீளம் கூட்டினால் நன்றாகவே திருப்பிக் கிடைக்கிறது.

.22 எல்.ஆர். இதற்கு நேர் எதிர். துளி மருந்து. குண்டு 16 முதல் 19 இன்ச் போவதற்குள் தள்ளும் சக்தி ஓய்ந்து, உராய்வு கைஓங்கிவிடுகிறது. அதற்கு மேல் நீளம் கூடினால் வேகம் குறையும். 50 மீட்டர் சுடுகிறவர்களுக்கு அதில் நஷ்டமும் இல்லை. அவர்கள் தோட்டாவே ஒலிவேகத்துக்குக் கீழே ஓடும்படி செய்யப்பட்டது.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கே ஓரமாக எடுத்து வைத்துவிடுகிறேன். "குட்டைப் பேரலுக்கு வேகமாக எரியும் மருந்து போட்டால் இழந்த வேகத்தைப் பிடித்துவிடலாம்" என்பார்கள். ஒரு குண்டுக்கு நீளப் பேரலில் அதிக வேகம் தரும் மருந்துதான், அநேகமாக எப்போதும், குட்டைப் பேரலிலும் அதிக வேகம் தரும். வெளியே தெரிகிற தீப்பிழம்பைப் பார்த்து, எரியாத மருந்தெல்லாம் வீணாகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். சூடான வாயு வெளிக்காற்றோடு கலந்து மறுபடி பற்றிக்கொள்வதுதான் அதில் பெரும்பகுதி.

வேகத்தைத் தூரமாக மாற்றுங்கள்

விநாடிக்கு ஆறரை மீட்டர் என்று சொன்னால் யாருக்கும் மனதில் உறைக்காது. நான் அதை வேறு மாதிரி சொல்வேன். இந்த 175 கிரெயின் குண்டு, குழல்வாயை விட்ட முதல் 100 மீட்டரில் விநாடிக்கு ஏறக்குறைய 60 மீட்டர் வேகத்தைக் காற்றிடம் கொடுத்துவிடுகிறது. அதாவது மீட்டருக்கு 0.6. அப்படியானால் 6.5 மீட்டர் வேகம் என்பது பதினோரு மீட்டர் பயணம். பேரலில் ஓர் இன்ச் குறைத்தீர்கள் என்றால், ரைஃபிளோடு பதினோரு மீட்டர் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டு சுடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு இன்ச் வெட்டினால் 65 மீட்டர்.

உங்கள் தோட்டாவுக்கு இந்தக் கணக்கை நீங்களே போடலாம். தோட்டாப் பெட்டியில் குழல்வாய் வேகமும் 100-இல் வேகமும் அச்சிட்டிருக்கும். இரண்டின் வித்தியாசத்தை நூறால் வகுங்கள். இன்ச்சுக்கு இழக்கும் வேகத்தை அந்த விடையால் வகுங்கள். அச்சிட்டிருப்பது அடியிலும் கெஜத்திலும் என்றால் எல்லாவற்றையும் அடியிலும் கெஜத்திலுமே வைத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.

300 மீட்டரில் சுடுகிறவருக்கு 65 மீட்டர் பின்னால் போவதில் ஒன்றும் கெட்டுவிடாது. 800-இல் சுடுகிறவருக்குத்தான் கேள்வி. காரணம், குண்டு ஒலிவேகத்தை நெருங்கும் இடம்.

15 டிகிரி செல்சியஸில் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் ஓடுகிறது. குண்டின் வேகம் அதன் 1.2 மடங்குக்கு, அதாவது 408-க்கு, இறங்கியதிலிருந்தே குண்டைச் சுற்றியுள்ள அதிர்ச்சி அலைகள் இடம் மாறத் தொடங்கும். சில குண்டுகள் அந்தக் கட்டத்தை அமைதியாகக் கடக்கும். சில ஆட்டம் கண்டுவிடும். ஒரே சியரா மேட்ச்கிங் குடும்பத்தில் 168 கிரெயின் குண்டு 300, 600 மீட்டரில் தங்கம். ஆனால் 1000 கெஜத்துக்குப் போவதற்குள் தலைகுப்புற விழுந்து, டார்கெட் தாளில் சாவித்துவாரம்போல் பக்கவாட்டில் கிழித்திருக்கும். அதன் வால் 13 டிகிரியில் சரிகிறது. 175-இன் வால் 9 டிகிரி. அதே கட்டத்தை அது தாங்கிக்கொள்கிறது.

என் 26 இன்ச் எண்ணைப் போட்டால், கடல்மட்டக் காற்றில் அந்த 175 ஒலிவேகத்துக்கு இறங்குவது சுமார் 970 மீட்டரில். 20 இன்ச்சில் சுமார் 905. அவளுக்கு வேண்டியது 800. இரண்டுமே தாண்டுகின்றன. "அப்ப 20 போதுமே அண்ணா" என்றாள். போதும்தான், இந்த ஒரு கணக்கில் மட்டும்.

அடுத்தது விழும் அளவும் காற்றும். 800 மீட்டரில், 20 இன்ச் பேரலின் குண்டு 26 இன்ச்சை விட முக்கால் மீட்டருக்கு மேல் கூடுதலாக விழும். கேட்கப் பயமாக இருக்கும். உண்மையில் இது ஒன்றுமே இல்லை. ஸ்கோப்பின் குமிழை ஏறக்குறைய ஒரு மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடத் திருகினால் தீர்ந்தது. புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறுவதில்லை.

காற்று மாறும். காற்றின் தள்ளலை ஒரு பழைய வழியில் கணக்கிடலாம்: குண்டு இலக்கை அடைய எடுத்துக்கொண்ட உண்மையான நேரம், காற்றுத்தடையே இல்லாவிட்டால் எடுத்திருக்கும் நேரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கக்காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். குண்டு எவ்வளவு தாமதப்படுகிறதோ அவ்வளவுக்குத்தான் காற்று அதைத் தள்ளுகிறது. விநாடிக்கு 4 மீட்டர் பக்கக்காற்றில், 800 மீட்டர் தூரத்தில், 26 இன்ச் பேரலின் குண்டு 1.6 மீட்டர் விலகும். 20 இன்ச்சின் குண்டு 1.75 மீட்டர். ஆறு இன்ச் பேரல் வாங்கித் தருவது 15 சென்டிமீட்டர்.

இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதே இடத்தில் காற்றை 4 என்று கணித்து அது உண்மையில் 5 ஆக இருந்தால், தவறு 40 சென்டிமீட்டர். எந்தப் பேரலும் அதைத் திருத்தித் தராது. புதிதாக வருகிறவர்கள் நீளப் பேரலுக்குச் செலவிடும் பணத்தில் பாதியைத் தோட்டாவுக்குச் செலவிட்டு, காற்றடிக்கும் நாட்களில் போய்ச் சுட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

நீளமும் துல்லியமும் வேறு வேறு

"நீளப் பேரல் நேராகச் சுடும்." இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் மறுத்திருக்கிறேன் என்று கணக்கில்லை. பேரல் ஒரு முனை பிடிக்கப்பட்ட கம்பி. அதன் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுகிறது, நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. அதே தடிமனில் 26-ஐ 20 ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். 100, 200 கெஜத்தில் ஒரே துளையில் ஐந்து குண்டையும் போடப் பார்க்கிற பெஞ்ச்ரெஸ்ட் ஆட்களைப் பாருங்கள். 10.5 பவுண்டு எடை வரம்புக்குள் அவர்கள் தேர்ந்தெடுப்பது 21, 22 இன்ச் தடிப் பேரலைத்தான்.

எதிர்ப்புறம் பால்மா போட்டி. 1876-இல் தொடங்கிய போட்டி அது. 800, 900, 1000 கெஜம், .308, 155 கிரெயின் அளவிலான குண்டு, ஸ்கோப் கிடையாது. அங்கே 30 இன்ச் பேரல் சாதாரணம். லேசான குண்டை 1000 கெஜம் வரை ஒலிவேகத்துக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். முன் சைட்டும் பின் சைட்டும் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது இன்னொன்று. சைட் வரிசையில் 0.1 மி.மீ. பிசகினால், இடைவெளி 70 சென்டிமீட்டராக இருக்கும்போது 300 மீட்டரில் 43 மி.மீ. தள்ளிப்போகும், 85 சென்டிமீட்டராக இருந்தால் 35. "நீளம் நேராகச் சுடும்" என்ற பேச்சு அந்த இரும்பு சைட் காலத்திலிருந்து வந்தது. ஸ்கோப் வைத்தவருக்கு அதில் ஒரு மி.மீ. லாபமும் இல்லை. 50 மீட்டர் .22 ரைஃபிள்களில் பேரலைக் குட்டையாக வைத்து, முன்னால் வெறும் குழாய் ஒன்றைப் பொருத்தி அதன் நுனியில் சைட்டை வைக்கிறார்களே, அதைப் பார்த்தாலே இரண்டும் வேறு வேறு என்று புரிந்துவிடும்.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். 25 மி.மீ. தடிமனுள்ள எஃகுப் பேரலில் ஓர் இன்ச் ஏறக்குறைய 90 கிராம். ஆறு இன்ச் அரைக் கிலோவுக்கு மேல், அதுவும் நுனியில். படுத்துச் சுடுகிறவருக்கு அது உதையை அடக்கும் நண்பன். நின்றும் நடந்தும் சுடுகிறவருக்குத் தோளில் வலி.

அளப்பது

கையிலுள்ள பேரலின் நீளம் தெரியாமலே பல பேர் சுடுகிறார்கள். மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பாருங்கள், விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். அந்த இடத்தில் தோட்டாவே இருக்கக் கூடாது. பிறகு போல்ட்டை மூடி, பித்தளை அல்லது பிளாஸ்டிக் பூசிய கம்பியைக் குழல்வாய் வழியாக மெதுவாக இறக்கி, போல்ட் முகத்தில் தொட்டதும் குழல்வாய் விளிம்பில் கம்பியில் ஒரு கோடு. வெளியே எடுத்து அளந்தால் அதுதான் நீளம். திருகிக் கழற்றும் மசில் பிரேக் (உதையைக் குறைக்க நுனியில் மாட்டும் துண்டு) கணக்கில் வராது.

முன்பு சொன்ன வித்தியாசக் கணக்குக்குப் பெட்டி எண்கள் போதும். ஆனால் உங்கள் பேரலின் வேகத்தைப் பெட்டியில் அச்சிட்டதிலிருந்து எடுக்காதீர்கள். அது அவர்கள் சோதனைப் பேரலின் வேகம். ஒரே நீளமுள்ள இரண்டு பேரல்கள், ஒரே தோட்டாவில், 15 மீட்டர் வேகம் வேறுபட்டு நான் கண்டிருக்கிறேன். இரண்டு இன்ச் நீள வித்தியாசத்தையே விழுங்கிவிடும் அளவு அது. புதுப் பேரல் என்றால் முதல் நூறு நூற்றைம்பது தோட்டா போன பிறகு அளங்கள். அதற்குள் கொஞ்சம் வேகம் ஏறியிருக்கக்கூடும்.

குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) எதுவானாலும் பத்துச் சுடு. மூன்று சுட்டு எடுத்த சராசரியை நம்பாதீர்கள். ஒளிக்கண் வகையை மூன்று மீட்டர் முன்னால் வைத்தால் அது காட்டுவது அந்த மூன்று மீட்டர் தாண்டிய வேகம்; .308-இல் ஏறக்குறைய 2 கூட்டிக்கொள்ளுங்கள். பேரல் நுனியில் கட்டும் காந்த வகை வேகத்தைச் சரியாகச் சொல்லும், ஆனால் அந்த எடை தொங்குவதால் குண்டு படும் இடம் மாறும். அதை மாட்டிக்கொண்டு குரூப் (தாளில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாகப் படுகின்றன என்பது) பார்க்காதீர்கள். ரேடார் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. அன்றைய வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதுங்கள். வெயிலில் கிடந்த தோட்டா வேகமாகப் போகும்.

பத்துச் சுட்டதில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளத்தை விட இந்த எண்ணுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். இடைவெளி விநாடிக்கு 10 மீட்டர் இருந்தால், இந்த .308-இல் 800 மீட்டர் தூரத்தில் மேலும் கீழுமாக 20 சென்டிமீட்டர் அளவு சிதறல். குமிழைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது, எந்தக் குண்டு வேகமாகப் போகும் என்று முன்கூட்டித் தெரியாதே.

வெட்டுமுன் உங்கள் நாட்டில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச நீளத்தைப் பாருங்கள், உரிமத்தில் திருத்தம் வேண்டுமா என்றும் கேளுங்கள். வீட்டில் ஹேக்ஸாவால் வெட்டும் வேலை வேண்டவே வேண்டாம். லேத்தில் துளையின் மையத்தைப் பிடித்து வெட்டி, 11 டிகிரியில் கிரவுன் போட வேண்டும். வெளிவட்டத்தை மையமாக வைத்தால் போதாது. துளை எப்போதும் நட்டநடுவில் இருப்பதில்லை. குண்டின் அடிப்பகுதி விளிம்பை விட்டுப் பிரியும் அந்தக் கணத்தில் வாயு சுற்றிலும் ஒரே சமயத்தில் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் குண்டின் வாலைத் தட்டிவிடும்.

அவளுக்கு நான் சொன்ன விடை 24. 20-இல் 800 மீட்டர் முடியும், ஆனால் அடுத்த வருடம் 900-க்குப் போக ஆசை வரும், அப்போது இடம் இருக்காது. 26-ஐ முடிந்தவரை காப்பாற்றலாமா என்றால், கீறல் போக அரை இன்ச் வெட்டினால் போதும்தான். ஆனால் அவள் நின்றும் சுடுகிறவள், நுனி எடை அவளைத் தொந்தரவு செய்கிறது. இரண்டு இன்ச் கொடுத்து 11 மீட்டர் வேகம் இழப்பது, அதாவது இருபது மீட்டர் தூரம் பின்னால் போவது, அவளுக்கு நியாயமான விலை. படுத்தே சுடுகிறவராக இருந்திருந்தால் அரை இன்ச்சோடு நிறுத்தியிருப்பேன். மேக்னமாக இருந்திருந்தால் அதைக்கூட வருத்தத்தோடுதான் வெட்டியிருப்பேன்.

மறுநாள் வெட்டிக் கிரவுன் போட்டதும் அவள் கையில் காது சுத்தம் செய்யும் பஞ்சுக்குச்சி ஒன்றைக் கொடுத்தேன். குழலுக்குள் விட்டு, விளிம்பைத் தொட்டபடி வெளிநோக்கி இழுக்கச் சொன்னேன், சுற்றிலும் எட்டுப் பத்து இடத்தில். எங்காவது பிசிறு இருந்தால் பஞ்சிழை மாட்டும். ஓரிடத்தில் ஒரே ஓர் இழை நின்றது. மறுபடி லேத்தில் ஏற்றினேன். இரண்டாம் முறை எதுவும் மாட்டவில்லை. ரேஞ்சுக்குப் போய்ப் பத்துச் சுட்டாள்: சராசரி 793, இடைவெளி 9. அந்த 793-ஐ வைத்து 800 மீட்டருக்குக் கணக்குப் போட்டுத் திருகிச் சுட்டதில் குரூப் ஒரு சாண் கீழே விழுந்தது. குமிழில் கால் மில் கூட்டி, மறுபடி ஐந்து சுட்டு, மையத்துக்கு வந்த பிறகு அந்தத் திருகலைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டாள், வெப்பநிலையோடு.